ஒரு முக்குக்கு எத்தனை கட்டம்

காஞ்சிபுரம் பட்டு தறியில் பிறக்கிறது என்று ஊருக்கே தெரியும். தறிக்கு வருவதற்கு முன்னால் அது ஒரு காகிதத்தில், சிவப்பு போஸ்டர் கலரில், கடுகு கடுகாய்க் கட்டங்களாக இருந்தது என்பது உள்ளூர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கிராப் போடுவது என்று நாங்கள் சொல்வோம். எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, பிள்ளையார்பாளையத்தில் மாமா வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் அந்த வேலைக்கு உட்கார்ந்தேன். மாமா என்றால் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். முதுகுவலியால் தறிக்குழியில் கால் இறக்கி உட்கார முடியாமல் போனவர். பென்சிலும் பிரஷ்ஷுமாகப் பிழைத்தார்.

கிராப் தாளில் எட்டுக்கு எட்டாகக் கட்டங்கள் இருக்கும். எட்டு முடிகிற இடத்தில் கோடு தடித்திருக்கும். முதலில் வெள்ளைத் தாளில் மயிலோ யாளியோ இருதலைப் பட்சியோ வரைந்துகொண்டு, அதைக் கிராப்பில் பென்சிலால் ஏற்ற வேண்டும். பிறகு கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்ப வேண்டும். வண்ணம் விழுந்த கட்டம் என்றால் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியின் கொக்கி அந்த இழையைத் தூக்கும். வெள்ளை என்றால் தூக்காது. கிராப்பில் ஒரு வரிக்கு, அந்தப் பெட்டியில் மாட்ட, துளை குத்திய ஓர் அட்டை. அட்டை குத்துகிறவருக்கு மயிலும் தெரியாது, யாளியும் தெரியாது. கட்டம் மட்டும்தான் தெரியும். பக்கத்துக் கட்டத்தில் பாதி வரைக்கும் வண்ணம் வழிந்திருந்தால் குத்துவதா விடுவதா என்று அவர் ஒரு முடிவுக்கு வருவார். அந்த முடிவு, அந்தப் புட்டா, அதாவது அந்த உருவம், வருகிற இடத்திலெல்லாம், ஜரிகையில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

“ஒரு மயிலுக்கு மூக்கு கோணினா சேலை பூரா கோணும்டா” என்பார் மாமா.

அடைப் பின்னலில் நெய்த பழைய காலத்தில் இந்தக் கவலை இல்லை. உருவத்தை நூலிலேயே முடிந்து வைத்திருப்பார்கள், ஓர் ஆள் பக்கத்தில் நின்று இழுத்துக் கொடுப்பார். ஜக்கார்டு பெட்டி வந்ததும் காகிதம் வந்தது. காகிதத்தோடு பிரஷ் வந்தது. பிரஷ்ஷோடு செலவு வந்தது.

கிராப் போட்டால் இவ்வளவு என்று முதலாளி வீட்டில் கூலி பேசியிருக்கும். தாள், கலர், பிரஷ் எல்லாம் நம் கைக்காசு. இவற்றில் பிரஷ்தான் ரொம்பச் சின்னச் செலவு. ஆனால் மாமா அதிகம் யோசித்தது அதற்குத்தான். தாளை மொத்தமாகப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்குவார். போஸ்டர் கலரை எந்தக் கடையிலும் வாங்குவார். பிரஷ்ஷை மட்டும் யாரிடமும் சொல்லி வாங்கிவரச் செய்ய மாட்டார். தானே போவார், என்னையும் கூட்டிப் போவார்.

கடைக்காரர்கள் அவரைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். போனதும் முதல் வேலையாக ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். குடிக்கவா என்று கேட்டால் இல்லை என்பார். புது பிரஷ் எல்லாமே கடையில் ஊசி மாதிரிதான் நிற்கும். காரணம், பெட்டியில் அடைக்கும் முன் முனையைப் பசையில் தோய்த்து, கூராக நீவி, காயவிட்டிருப்பார்கள். வழியில் முடி கலையாமல் இருக்கச் செய்யும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பசை இருக்கிற வரைக்கும் நல்லதும் கெட்டதும் ஒரே அழகு. மாமா டம்ளரில் விட்டு மெதுவாக அலசுவார். பசை கரைந்து முடி பஞ்சு போல விரியும். அப்புறம் ஒரே ஒரு உதறு.

அந்த உதறில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல பிரஷ்ஷாக இருந்தால், விரிந்த முடியெல்லாம் தானாக ஒன்று சேர்ந்து மறுபடி ஒரே முனையாகக் கூடும். மட்டமானது இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து, பாம்பு நாக்கு மாதிரி நிற்கும். சில பிரஷ்கள் முனை கூடும், ஆனால் ஒரே ஒரு முடி மட்டும் தனியாக விறைத்துக்கொண்டு வெளியே நீளும். அதைக் கத்தரித்துவிட்டால் போகிறது என்று கடைக்காரர் சொல்வார். மாமா கேட்க மாட்டார். பிரஷ் முனை கத்தரித்துச் செய்வதில்லை. ஒவ்வொரு முடியும் அதனதன் இயற்கை நுனியோடு மேலும் கீழுமாக அடுக்கப்பட்டுத்தான் அந்தக் கூர் வருகிறது. கத்தரி பட்ட முடி மொட்டை முடி.

அடுத்து, ஈர முனையை விரல் நகத்தின் மேல் வைத்து லேசாக அழுத்தி எடுப்பார். சட்டென்று நிமிர்ந்தால் சரி. வளைந்தது வளைந்தபடி கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு முடியைப் பிடித்திருக்கும் பூணைத் திருகிப் பார்ப்பார், பிடியோடு ஆட்டம் இருக்கிறதா என்று. பூணில் நீளவாக்கில் ஒட்டுக்கோடு தெரிந்தால், அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பிடிக்கட்டை ஊறும். பிறகு சுருங்கும். ஒரு நாள் தலை வேறு உடல் வேறாக வந்துவிடும். ஒட்டில்லாத பூண் கிடைத்தால் இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுக்க யோசிக்க மாட்டார்.

கடைசியாகப் பழைய பில் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு. அழுத்தமாக ஆரம்பித்து, மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டே போய், முடி இழையாக முடிகிற கோடு. இத்தனையும் ஒரு பிரஷ்ஷுக்கு. பத்துப் பதினைந்தை நனைத்துவிட்டு ஒன்றை எடுப்பவரைக் கடைக்காரர் எப்படி விரும்புவார்? ஆனாலும் விட்டார்கள். வருஷக்கணக்காக வருகிற வாடிக்கை, தவிர தண்ணீர்தானே, காய்ந்துவிடும்.

எந்த நம்பர் வாங்குவது என்பதில்தான் எல்லோரும் பணத்தை விடுகிறார்கள். சின்னக் கட்டம், அதனால் சின்ன பிரஷ் என்று எவருக்கும் தோன்றும். ஜீரோ, இரண்டு ஜீரோ, மூன்று ஜீரோ என்று கேட்டு வாங்குவார்கள். பார்க்கவும் அது ஏதோ நுணுக்கமான ஆயுதம் மாதிரிதான் இருக்கும். ஆனால் மூன்று ஜீரோவுக்கு வயிறு கிடையாது. பூணுக்கும் முனைக்கும் நடுவே புடைத்திருக்கும் பகுதியைத்தான் வயிறு என்கிறேன். வண்ணத்தைப் பிடித்து வைத்து முனைக்குச் சொட்டுச் சொட்டாக இறக்குவது அதுதான். வயிறு இல்லாத பிரஷ்ஷை முக்கினால் நாலு கட்டத்தில் காய்ந்துவிடும். திரும்ப முக்க வேண்டும், திரும்பத் துடைக்க வேண்டும். முக்கும் ஒவ்வொரு தடவையும் முதல் கட்டத்தில் வண்ணம் குண்டாக விழும் ஆபத்தும் உண்டு.

மாமாவின் அளவுகோல் வேறு. ஒரு முக்குக்கு எத்தனை கட்டம்? முனை கூடுகிற நாலாம் நம்பர் பிரஷ் ஒரு முக்கில் இரண்டு மூன்று வரிசைகளைச் சுத்தமாக முடித்துவிடும். அதே பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து நுனியால் தொட்டால் மூன்று ஜீரோ போடும் புள்ளியையும் போடும். ஆகவே நாலு மெல்லிய பிரஷ் வாங்கும் காசை ஒன்றாகச் சேர்த்து, நல்ல முனையுள்ள ஒரு நாலோ ஆறோ வாங்கு என்பதுதான் அவர் கணக்கு. நம்பரையும் அப்படியே நம்ப மாட்டார். ஒரு கம்பெனியின் நாலு இன்னொரு கம்பெனியில் மூன்றாகவோ ஐந்தாகவோ இருக்கும். பூண் வாயின் பருமனைத்தான் பார்ப்பார்.

பையனாக இருந்தபோது எனக்கு இது கஞ்சத்தனத்தின் ஓர் அலங்காரமாகத்தான் பட்டது. புத்தி வந்தது திருப்பருத்திக்குன்றத்தில். பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். வேகவதிக் கரையில் இருக்கும் அந்தச் சமணக் கோயிலில், விஜயநகர அமைச்சன் இருகப்பன் பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சங்கீத மண்டபம் உண்டு. அதன் கூரை முழுக்க ஓவியம். ரிஷபதேவர் கதை, வர்த்தமானர் கதை, நேமிநாதர் கதை. நேமிநாதருக்குக் கண்ணன் உறவு என்பதால் கண்ணன் கதையும் கூடவே வந்துவிடும். வரிசை வரிசையாகப் பட்டை பிரித்து, அடியில் எழுத்தில் விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். டி.என். ராமச்சந்திரன் 1934இல் இந்தக் கோயிலைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிற்காலத்தில் வண்ணம் புதுப்பித்த இடங்களும் உண்டு, அதை வைத்துக் குறை சொல்பவர்களும் உண்டு. மாமா மாதிரி ஆட்களுக்கு அது பொருட்டில்லை. அவர் அங்கே போனது புட்டா திருடத்தான். யானை, அன்னம், கொடிக்கரை எல்லாவற்றையும் நோட்டில் இறக்கிக்கொள்வார்.

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்ணின் சேலைக்கரையைக் காட்டினார். இடுப்பில் தடிப்பாகத் தொடங்கும் கறுப்புக் கோடு, முழங்காலைச் சுற்றி மெலிந்து, கணுக்காலில் இழையாக முடிகிறது. நடுவில் எங்கும் விட்டுத் தொட்ட தடம் இல்லை. “இது சின்ன பிரஷ்ல வருமாடா? தீந்து போயிருக்கும். பெரிய வயிறு, கூர் முனை. வேற வழியே இல்ல” என்றார். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் திருச்சுற்றின் சின்ன அறைகளில், பல்லவர் காலத்து வண்ணத்துணுக்குகளை 1931இல் ஆய்வாளர் ழுவோ துப்ரெய் கண்டுபிடித்தார். அங்கே சோமாஸ்கந்தர் ஓவியத்தில் வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது. மிஞ்சியிருக்கும் கோடு எட்டாம் நூற்றாண்டுக் கோடு. அதைப் பார்த்தாலும் இதேதான் தோன்றும்.

அவர்கள் எதை வைத்து வரைந்தார்கள்? கேரளத்தில் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் எழுதிய சில்பரத்னம் மூன்று தரம் சொல்கிறது. பருமனான தூரிகைக்குக் கன்றுக்குட்டியின் காதுமுடி, நடுத்தரத்துக்கு ஆட்டின் வயிற்றுமுடி, நுண்ணியதற்கு அணில் வால்முடி. பணம் இருந்தால்தான் தூரிகை என்கிற பேச்சு அங்கே இல்லை. வீட்டைச் சுற்றி மேய்வதும் மரத்தில் ஓடுவதும்தான் கச்சாப்பொருள். என் தாத்தா பருத்தி நெய்த நாளில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தடவிய பாவாற்றியும், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ்ஷும் அதே ஜாதிதான்.

அணில் முடி இன்றும் விற்கிறது. ‘ஒட்டக முடி’ என்ற பெயரில் உலகமெங்கும் விற்கும் பிரஷ்ஷில் ஒட்டகம் கிடையாது. அணில், ஆடு, மட்டக்குதிரை என்று எதுவும் இருக்கலாம். அணில் முடி தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், முனையும் கூடும். ஆனால் நிமிர்வு கிடையாது, துவண்டு கிடக்கும். வாட்டர் கலரில் வானம் பூசுகிறவருக்கு அது தங்கம். கட்டம் நிரப்புகிறவருக்குச் சனியன். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் கோலின்ஸ்கி, அதாவது சைபீரிய மரநாய் இனம் ஒன்றின் வால்முடி. லண்டன் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி 1866இல் விக்டோரியா மகாராணிக்கு என்று செய்த ஏழாம் வரிசை பிரஷ் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆறாம் நம்பர் ஒன்று பல ஆயிரம் ரூபாய். அதை ஒருமுறை சென்னையில் ஓர் ஓவியர் வீட்டில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல பிரஷ்தான். ஆனால் அந்த விலைக்கு மாமா ஒரு வருஷம் முழுக்கக் கிராப் தாள் வாங்கியிருப்பார்.

நம் ஊரில் அந்த இடத்தை ரொம்ப காலம் பிடித்திருந்தது கீரி முடி. மாமாவிடமும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு முடியிலும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக நிறம் மாறும், அதுதான் அடையாளம். நல்ல விறைப்பு, பல வருஷம் உழைக்கும். அன்றைக்குக் கடையில் பகிரங்கமாகவே தொங்கும், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு கீரியிலிருந்து கைப்பிடி முடி கூடத் தேறாது என்பதும், அதற்காக அதைக் கொல்கிறார்கள் என்பதும் பின்னால்தான் பேச்சாக வந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியில் செய்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட் ஊர்தான் இந்தியாவின் பிரஷ் பட்டணம். நம் கடைகளில் இருப்பதில் கணிசமானது அங்கிருந்து வருவது. 2019 அக்டோபரில், வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு ‘ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்’ என்று பெயர் வைத்து ஷேர்கோட் உள்ளிட்ட பல இடங்களில் சோதனை போட்டது. அத்திவரதர் எழுந்தருளிக் காஞ்சிபுரம் திணறிப்போன அதே வருஷம். இன்றைக்கும் யாராவது ரகசியமாக, “ஒரிஜினல் கீரி சார், உங்களுக்காக” என்று மேஜைக்கடியிலிருந்து எடுத்தால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டுமில்லை. இப்போது அது தேவையே இல்லை.

ஏனென்றால் சிந்தெடிக் முடி வந்துவிட்டது. ஆரம்பத்தில் வந்த நைலான் பிரஷ்கள் மோசம்தான். தண்ணீரைப் பிடிக்காமல் பொசுக்கென்று ஒரே இடத்தில் கொட்டிவிடும். தேன் நிறத்தில் வருகிற இப்போதைய இழைகள் வேறு ரகம். கேமல் பிராண்டின் 66ஆம் வரிசை உருண்டை பிரஷ் மாதிரியானவை நூறு ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கின்றன. நிமிர்வு பிரமாதம், முனை கூடுகிறது, போஸ்டர் கலரின் கனத்தைத் தாங்குகிறது. அந்தக் காலத்திலேயே இது இருந்திருந்தால் மாமா அந்த டம்ளரைக் கேட்டிருக்கவே மாட்டார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சொல்ல முடியாது. ஒரே பெட்டியில் இருக்கும் பத்தில் இரண்டு இன்றைக்கும் பிளக்கத்தான் செய்கிறது. இன்னொரு குறையும் உண்டு. சில மாதம் உழைத்ததும் சிந்தெடிக் முனை கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளைந்துகொள்ளும். நுனியை மட்டும் சூடான தண்ணீரில் ஒரு கணம் காட்டி நீவிவிட்டால் கொஞ்சம் நிமிரும். பூண் வரைக்கும் முக்கினால் உள்ளே இருக்கும் கோந்து இளகி முடி கொட்ட ஆரம்பிக்கும்.

பன்னிரண்டு பிரஷ்ஷைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மலிவாக விற்கும் செட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பிள்ளைகளுக்கு அதுபோதும் என்கிறார்கள். பிள்ளைகளுக்குத்தான் அது கூடாது. முடி பிய்ந்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கோடு போகச் சொன்ன பக்கம் போகாது. தனக்குக் கை வரவில்லை என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொள்ளும். அந்தக் காசுக்கு நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.

வாங்குவதை விடக் காப்பாற்றுவதில்தான் மாமா மிச்சம் பிடித்தார். போஸ்டர் கலர் பூணுக்குள் ஏறிக் காய்ந்தால் முடி வேரோடு விரிந்து, அப்புறம் எந்தப் பசையாலும் சேராது. அதனால் பாதி முடிக்கு மேல் வண்ணம் ஏற விட மாட்டார். டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைத்தால் அடிதான். சாயங்காலம் உள்ளங்கையில் குளியல் சோப்பைக் குழைத்து, அதில் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி, நுரை வெள்ளையாகும் வரை கழுவுவார். விரலால் முனையை நீவி, படுக்க வைத்துக் காயவிடுவார். பட்டுக்கு வைக்கிற வசம்புத் துண்டு ஒன்றை பிரஷ் டப்பாவிலும் போடுவார். பட்டை அரிக்கும் பூச்சிக்கு பிரஷ் முடியும் பட்டும் ஒன்றுதான். ஆட்டம் கொடுத்த பூணைக் குறட்டால் மெல்லச் சுற்றிச் சுற்றிக் கடித்து இறுக்குவார்.

அப்படியும் பிரஷ் சாகும், ஆனால் படிப்படியாகத்தான் சாகும். முதலில் யாளியின் நகமும் மயிலின் கொண்டையும் அதற்கு. முனை மழுங்கியதும் கட்டம் நிரப்ப. விரிந்ததும் கரைக்குப் பின்னால் வரும் பெரிய பரப்புகளுக்கு. பிறகு கலர் கலக்க. கடைசியில், முடி பாதி கொட்டிய நிலையில், பக்கத்து வீட்டுக்காரர் ஜக்கார்டு பெட்டியில் தூசி தட்ட வாங்கிப் போவார். ஒரு பிரஷ்ஷையும் மாமா குப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளுக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கட்டத்தை மௌஸால் தட்டினால் நிறம் மாறும், வழியாது, காயாது. கிராப் போட்டவர்களில் சிலர் அதைக் கற்றுக்கொண்டார்கள், சிலர் கடை வைத்தார்கள். நான் சுவர் விளம்பரம், கோயில் வாகனத்துக்கு வண்ணம், பள்ளிக்கூடச் சார்ட் என்று சுற்றிவிட்டு இப்போது சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பதால் பிரஷ் வாங்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் அடுத்த தெருப் பெண் வந்தாள். ஓவியம் படிக்கச் சேர்ந்திருக்கிறாள், அப்பா தறி. கையில் ஐந்நூறு ரூபாயும், சீனியர் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பட்டியலும். மூன்று ஜீரோவில் ஆரம்பித்துப் பன்னிரண்டு வரை வரிசையாக இருந்தது. கடையில் உட்கார்ந்து அவளையே நனைத்து உதறிப் பார்க்கச் சொன்னேன். நாலாவது பிரஷ்ஷிலேயே பிளவு எது, கூடல் எது என்று அவள் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆறாம் நம்பர் உருண்டை ஒன்று, இரண்டாம் நம்பர் ஒன்று, ஓர் அங்குலத் தட்டை ஒன்று. தட்டை மட்டும் மலிவானது. பரப்புப் பூச அது போதும்.

“லிஸ்ட்ல பத்து இருக்கே தாத்தா. மூணு போதுமா?”

“போதும்மா. ஆறு மாசம் கழிச்சி எது பத்தலைன்னு உனக்கே தெரியும். அப்ப வா.”

“மீதிக் காசு?”

“நல்ல தாளா வாங்கிக்கோ. மட்டமான தாள் வண்ணத்த உறிஞ்சிடும். அப்புறம் பிரஷ்ஷ திட்டுவே.”